அருமையான கேள்வி

அன்புள்ள கவிப்ரியா,

நம் வீட்டில் இனி செம்புக் குவளையில் மட்டுமே தண்ணீர் குடிக்கப்படும் என்று உன் அப்பா போன மாதம் அறிவித்தார். ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தரப்படவில்லை.

குவளை, யூடியூபில் ஒருவர் சொன்னது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்னவரும் அவரே. நீ மறுத்தபோது, "மருந்துக்கடைல வேல பாக்கறவ அப்படித்தான் பேசுவ" என்று அப்பா போனை வைத்தார். அதன் பிறகு நான் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. அதனால் நீ இருக்கும் பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு சுவாதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொன்னதைச் சரிபார்க்க அப்பா தன் போனில் இருக்கும் ஏஐயிடமும் கேட்டார். மூன்று முறை கேட்டும் அது டாக்டரைப் பார்க்கச் சொன்னது. ஓசூர் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தவர் அவர். தரமில்லை என்று தள்ளிய பாகத்தையே திரும்பத் திரும்ப அனுப்பி பாஸ் வாங்குகிறவர்களைத் திட்டியே ஓய்வு பெற்றவர். நான்காவது முறை, "மாத்திரைய நிறுத்தி நல்லானவங்க அனுபவம் என்ன?" என்று மாற்றிக் கேட்டார். 'அருமையான கேள்வி' என்று தொடங்கி அது ஒரு பக்கம் எழுதியது. அன்றோடு மாத்திரை நின்றது.

"பாத்தியா? இத்தன வருசத்துல என் கேள்விய அருமைன்னு நீ சொன்னதுண்டா?"

"கேள்வி அருமைதாங்க. கால்ல அந்தப் புண்ணு?"

"அது செருப்பு கடிச்சது."

நான் வாதாடவில்லை. வாதாடினால் எனக்கும் வீடியோ அனுப்புகிறார்.

நீ வந்தால் கோபிக்க மாட்டார். இரண்டு நாளாக உன்னைத்தான் கேட்கிறார்.

நாளைக் காலை ஓசூர் ஆஸ்பத்திரியில் இடது காலின் இரண்டு விரல்களை எடுக்கிறார்கள்.

உன் அம்மா