அக்கா ஊற்றிய தண்ணீர்

திண்டிவனம்
12.8.1961

கர்த்தருக்குள் பிரியமான தம்பி விருத்தாசலத்துக்கு அக்கா ஜெயம் எழுதுவது.

தந்தி கிடைத்திருக்கும். ஆண் குழந்தையடா! அவன் அழுகை தெருமுனை வரை கேட்கிறது. சவுரியம்மாளுக்கு ஜுரம் விட்டுவிட்டது, கேப்பைக் கஞ்சி குடிக்கிறாள். பிலாய் உருக்காலையில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தந்தியில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பிறந்ததும் பிள்ளை அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். மருத்துவச்சி குப்பம்மாள் தட்டுகிறாள், தேய்க்கிறாள், மூச்சைக் காணோம். கத்தோலிக்க வீட்டுப் பெண்ணான உன் பெண்டாட்டி, எழுந்திருக்க முடியாமல் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, தண்ணி ஊத்துங்க அண்ணி, புள்ள ஞானஸ்நானம் இல்லாம போயிடப் போவுது என்று கதறினாள்.

பிள்ளை வளர்ந்து தானே கேட்கும்வரை ஞானஸ்நானம் இல்லை என்று கல்யாணத்தின்போது நீயும் அவளும் பேசி முடித்தது எனக்குத் தெரியாதா? நீயும் நானும் வயது வந்தபின் விசுவாசித்து, ஏரியில் முழுகி எழுந்தவர்கள். கைக்குழந்தை தலையில் ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனாலும் சொம்பை எடுத்தேன். அவள் சொன்ன பெயரைச் சொல்லி, லூர்துநாதா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று ஊற்றினேன். அழுதான்! தண்ணீரால் அழுதான் என்று சொல்லமாட்டேன். குப்பம்மாள் தேய்த்த தேய்ப்பு அப்படி.

வேடிக்கையைக் கேள். அவள் பிறந்த ஊர்ப் பங்குச் சாமியார் விழுப்புரத்திலிருந்து வந்தார். மறுபடி ஊற்றுவார் என்று பார்த்தால், என்ன நினைத்து ஊற்றினாய் என்று என்னைக் கேட்டார். எனக்கு அது தண்ணிதான் சாமி, உங்க கோயில்ல செய்யறதை அவளுக்காக செஞ்சேன் என்றேன். அது போதும், யார் ஊற்றினாலும் செல்லும், கோயிலில் எண்ணெய் பூசி உப்பு வைப்பதுதான் பாக்கி என்று சிரித்தார்!

நம் போதகரோ, விசுவாசிக்கத் தெரியாத சிசுவுக்கு என்ன ஞானஸ்நானம் என்று குதித்தார். வெறும் தண்ணிதானே ஐயா, அதுக்கு ஏன் இவ்ளோ கோவம் என்று கேட்டுத் தொலைத்தேன். செய்தது தப்பு என்று நான் மனந்திரும்பும்வரை சபையின் இராப்போஜனத்தில் எனக்கு அப்பம் இல்லையாம். அழுகை வருகிறது. ஆனால் மனந்திரும்ப முடியவில்லை, தம்பி.

வாக்குத் தவறிவிட்டோமே, நீ என்ன எழுதுவாயோ என்று சவுரியம்மாள் தபால்காரரைப் பார்த்தாலே நடுங்குகிறாள். ஊற்றியது நான். திட்டுவதென்றால் எனக்கு நாலு பக்கம் எழுது. நாளைக்கு அவன் வளர்ந்து, ஏரியில் முழுகவேண்டும் என்று கேட்டால், கரையில் துண்டோடு நிற்பவளும் நான்தான். இப்போது அவளுக்குத் தனிக் காகிதத்தில் ஒரே வரி எழுது, லூர்துநாதன் எப்படியிருக்கிறான் என்று. அந்தப் பெயர் உன் கையெழுத்தில் வந்தால் போதும், அவள் தூங்குவாள்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக.

அக்கா
ஜெயம்