வருவான் என்று நீ சொன்னது

இன்று காலை மோர்டென்ஸ்ருட் ஸ்டேசனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தேன். நெட்டையன் நேற்று முதல்முறையாகப் பெரிய பேஸ்போல் அணிக்காகப் பந்து எறிந்திருக்கிறான், மச்சான். அவனுடைய பதினெட்டு வயதிலிருந்து நாம் இருவரும் கவனித்துவந்த அந்த இடக்கை ஒல்லிப் பெடியன். முழங்கையில் சத்திர சிகிச்சை செய்தும் வந்துவிட்டான். சொல்ல ஆளில்லை. பக்கத்தில், உன் இடத்தில் இருந்தவர் நல்ல நித்திரை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ரொறன்ரோவில் அக்கா வீட்டில் மூன்று மாதம் நின்றுவிட்டு வருகிறவர்கள் சேலையும் பலகாரமும் கொண்டுவருவார்கள். நீ பேஸ்போல் வியாதியைக் கொண்டுவந்தாய், எனக்கும் தொற்ற வைத்தாய். பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை நீ ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கீழ் அணிகளில் கிடந்து, மேலே ஏறக் காத்திருக்கிற பெடியள்தான் உனக்கு வேண்டும். அவர்களுக்கு உன்னிடம் இரண்டே தீர்ப்பு: வருவான், வரமாட்டான்.

"உவன்ரை தோளைப் பார். வருவான்."

"போன கிழமை உவன்ரை பந்தை எல்லாரும் விளாசித் தள்ளினவங்களேடா."

"குளிருக்கை எறிஞ்சவன், மச்சான். உனக்குக் குளிருக்கை கைகால் நேராய் நிக்குதோ?"

இடையில் என் முழங்கால் நோ, உன் கொலஸ்ட்ரோல், பள்ளிக்கூடத்தில் நீ துடைத்து முடித்த நடையிலேயே பனிச் சப்பாத்தோடு ஓடுகிற பிள்ளைகள். பிறகு மறுபடி நெட்டையன். இருவரும் வேலைக்குப் போகுமுன்பே களைத்துப்போன மனிதர்கள். ரயிலில் ஒன்றாகப் போகிற அந்த அரை மணி நேரம் மட்டும் அது மறந்துபோகும்.

உன் மகனைப் பற்றி ஒரே ஒரு நாள்தான் கதைத்தாய். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டு அவன் தூரத்து ஊரான ஸ்தவாங்கருக்குப் போன கிழமை அது. "திரும்பி வருவானடா" என்றேன். நீ யன்னலைப் பார்த்தபடி, "வரமாட்டான்" என்றாய். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவன் பெயரை நீ எடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

கடைசியாக நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குக் குரல் தேய்ந்துபோயிருந்தது. உன்னைச் சீண்டிச் சிரிக்க வைக்கலாம் என்று நெட்டையனின் முழங்கைச் செய்தியை வாசித்துக் காட்டி, "இனி உவன்ரை கதை முடிஞ்சுது" என்றேன். நீ கண்ணைத் திறந்து, "வருவான்" என்றாய். அந்த நேரம் பார்த்து உன் மனைவி சூப் போத்தலோடு உள்ளே வந்தா.

"அண்ணை, இவர் எங்கடை பெடியனை எல்லோ கேக்கிறார்!"

நான் வாயைத் திறக்குமுன் போனோடு வெளியே ஓடிவிட்டா. ஓடிப்போய் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. மகன் மறுநாள் காலை வந்து சேர்ந்தான். உனக்குக் கதைக்க முடியவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாய், கண்ணை மூடினாய். என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாய்.

செத்த வீட்டில், மேலங்கிகள் தொங்கிய மூலையில் வைத்து அவன் என்னைப் பிடித்தான்.

"மாமா, நீங்கள்தானே பக்கத்திலை இருந்தனீங்கள். அப்பா என்னையோ சொன்னவர்?"

"ஓம், தம்பி. உன்னைத்தான்."

அவன் என் தோளில் முகம் வைத்து அழுதான். உன் உயரம் அவனுக்கு. குனிந்துதான் அழ வேண்டியிருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுக்கிறான். வேலை, வீடு, மழை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறான். "வேறை என்ன சொன்னவர், மாமா?" நானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறேன். சின்ன வயதில் அவனைச் சறுக்கு வண்டியில் இழுத்துப் போனதை நினைத்துச் சிரித்தாய் என்றேன். அவன் சமைத்த கோழிக்கறியைப் புகழ்ந்தாய் என்றேன். நீ சொல்லாத எத்தனையோ இப்போது உன் பெயரில் இருக்கிறது. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைச் சுமப்பது இந்த வயதில் பெரிய பாரம், மச்சான்.

போன ஞாயிறு எதையும் சுற்றாமல் நேரே கேட்டான்: "அப்பாவுக்கு என்னிலை கோவம் இருந்ததோ?"

ஒரு வார்த்தை நீயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதும் பிள்ளையை மன்னிப்பதும் தகப்பன் செய்கிற வேலை. அதையும் என் தலையில் போட்டுவிட்டாய்.

"இல்லையப்பு," என்றேன், உன்னைப் போலவே குரலைத் தாழ்த்தி. "ஒரு துளியும் இல்லை."