மலை வண்டிக்கு விசில்

சென்னை
3.11.1988

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று அக்கா எழுதியிருக்கிறாள். மேல் உதடு வீங்கிக் கஞ்சி மட்டும் குடிக்கிறீர்களாம். கேட்டால் குளவி கொட்டியது என்கிறீர்களாம். குளவி ஈறுக்குள் போய்க் கொட்டாது. போன வருஷம் நம் ஜனத்துக்கு இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் அன்று பஸ் கண்ணாடியை உடைத்து வந்த கல்லில் உங்கள் முன்பல் ரெண்டும் போயின. கழற்றி மாட்டும் பிளேட்டில் ரெண்டு பல் வைத்து எங்கள் பல் ஆஸ்பத்திரி லேபில் என் கையால் செய்து கொடுத்தேன். அதை என்ன செய்தீர்கள்? உள்ளதை எழுதவும்.

தமிழழகன்

சங்கராபுரம்
9.11.1988

அன்பு மச்சானுக்கு,

கோர்ட்டில்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். சொல்கிறேன், உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

மலையேறிக் கரியாலூர் போகும் வழியில் ஒரு வளைவில் வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் திருப்ப முடியும். பின் ஏணியில் தொங்கிக்கொண்டு விசில் கொடுப்பது கண்டக்டர் வேலை. ஒரு கை ஏணியில், ஒரு கை பணப்பையில். விசிலைப் பல்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கு நல்ல மூடுபனி, டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. நிறுத்தச் சொல்லி ஊதினேன். விசிலோடு உன் பிளேட்டும் பறந்தது. சத்தம் கேட்காமல் டிரைவர் வீரமுத்து அண்ணன் வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தார். தகரத்தைத் தட்டு தட்டென்று தட்டினேன். நின்றபோது சக்கரம் பள்ளத்து ஓரக்கல்லில் ஏறியிருந்தது. வண்டி நிறையச் சந்தை ஜனம்.

பிளேட்டைப் புதரில் தேடி எடுத்து, மறுநாள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டேன். டயரையே பிடிக்கிறதே என்று நினைத்தேன். ரெண்டு நாள் விசில் நன்றாகத்தான் வந்தது.

மறியல் உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான் நடந்தது, பல் மட்டும் என்னுடையது. போகட்டும். விசில் ஊத முடியாதவனுக்கு மலை வண்டி இல்லை என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை.

பழனி

சென்னை
14.11.1988

மாமா,

அக்கா கணவராக இல்லாவிட்டால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஈறு என்ன சைக்கிள் டியூபா?

பிளேட் சிரிக்கவும் பேசவும்தான். கடித்து இழுக்கும் வேலைக்கு ஆகாது. எங்கள் டாக்டர் ஒருவர் வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்து, தாடை எலும்பிலேயே டைட்டானியம் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கிறார். இங்கே இது புதுசு. முதலில் புண் ஆற வேண்டும். திருகை எலும்பு பிடித்துக்கொள்ள ஆறு மாதம் ஆகும். அப்புறம் பல், அதை நான் செய்வேன். எலும்பு பிடிக்காமலும் போகலாம். போனால் மலை வண்டி அவ்வளவுதான். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. அடுத்த திங்கட்கிழமை வந்து சேரவும்.

தமிழழகன்

சென்னை
20.7.1989

மாமாவுக்கு,

புதுப் பல்லோடு ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது, ஒரு கார்டு இல்லை. திருகு ஆடுகிறதா? இரும்பு விசிலைக் கடித்துப் பல்லை உடைத்துவிட்டீர்களா? நேற்று ஒரு பெரியவரின் மேல் செட்டில் கீழ்ப் பல்லை வைத்துவிட்டேன். என் புத்தி அப்படி இருக்கிறது. நல்லதோ கெட்டதோ எழுதித் தொலையுங்கள்.

தமிழழகன்

சங்கராபுரம்
26.7.1989

அன்பு மச்சானுக்கு,

திட்டாதே. எதுவும் ஆடவில்லை. பிளாஸ்டிக் விசில்தான். மலை வண்டியில் மறுபடி சோதனைக்குப் போட்டிருந்தார்கள். வெயிலில் ஊதியதை ஒரு சேதியாக எழுத மனசு வரவில்லை. மறுபடி மூடுபனி இறங்கட்டும் என்றிருந்தேன்.

நேற்று இறங்கியது. அதே வளைவு. கடித்து ஊதினேன். சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அங்கேயே நின்றது வண்டி. வீரமுத்து அண்ணன் இறங்கி வந்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இன்னாடா, நெசப் பல்லு கணக்கா கீது?"

"எம் மச்சான் செஞ்சதுண்ணே."

"இத்தினி மாசமா முதுவுல கண்ணில்லாம ஓட்டிக்கினு இருந்தேன்டா" என்றார்.

இன்றைக்குக் காலையில் டெப்போவில் கையெழுத்தாகிவிட்டது. வண்டி எனக்குத்தான். மீதியை உன் அக்கா எழுதுவாள். வீரமுத்து அண்ணன் ஆரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். நான் விசில் கொடுத்தால்தான் எடுப்பாராம்.

பழனி
கண்டக்டர், கரியாலூர் வண்டி