அப்பா விற்றுக்கொடுத்த புத்தகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், அதனால் எழுதிவிட்டேன், ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதே. உன் தம்பி மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, யார் என்ன சொன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். மாடித் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது, இப்போது ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுவதில்லை. செய்தி அவ்வளவுதான், இனிமேல் திட்டுதான், உட்கார்ந்து படி. போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதுவும் போக, இந்த வீட்டில் போன் அடித்தால் முதலில் ஓடுவது உன் அப்பா, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவைப் பிடித்தேன்.

உன் புத்தகம் வரப்போகிறது என்று சொன்ன நாளிலிருந்து அந்த மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நீதானே சொன்னாய், "அப்பா, நம்ம கடைய அப்படியே எழுதியிருக்கேன், நீங்களும் இருக்கீங்க" என்று. அவருக்கு அது போதாதா? சட்டை தைக்க வந்தவர், பேண்ட் நீளம் குறைக்க வந்தவர், சில்லறை மாற்ற வந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, "என் பொண்ணு புக்கு எழுதியிருக்கா, அதுல வர்ற டெய்லர் நான்தான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். எழுத்தாளர் ஊரில் இல்லை, எப்படி விற்பது என்று உன் பதிப்பாளர் இழுத்தபோது நான் இருக்கிறேன், கடையிலேயே வைத்து விற்றுத் தருகிறேன் என்று முன்னால் போய் நின்றதும் இவர்தான். விழாவுக்கு வருகிறவர்கள் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு போக என்று கடையில் மிஞ்சிய துணியில் நல்லதாகப் பார்த்து எடுத்துப் பைகள் தைத்தார். ஒரு கண்ணில் கட்டு, டாக்டர் மெஷின் பக்கமே போகக் கூடாது என்றிருக்கிறார், நான் கத்தினால் காதில் விழாத மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார். விழா அன்று காலைதான் அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்தன. நீ அங்கிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிய சீட்டுகளை ஒவ்வொரு புத்தகத்திலும் கோணாமல் ஒட்டினாரே தவிர, ஒரு வரி படிக்க அவர் கண்ணுக்குத் திராணியில்லை. நான் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன், எனக்கும் புரட்டிப் பார்க்க நேரமில்லை. இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், எங்களுக்குத் தெரிந்திருந்தும் சம்மதித்தோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நூலகத்து மாடி ஹாலில் திரையில் உன் முகம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. முதல் புத்தகத்தை வாங்கிக்கொள்ள உன் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள், வெட்கப்பட்டுக்கொண்டே போனார், அப்படியே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்தப் பேராசிரியை அம்மா எழுந்து கதையைச் சொன்னார். ஒரு டெய்லர், தினமும் பெண்டாட்டியை மர ஸ்கேலால் அடிக்கிறான், அவள் கட்டிங் டேபிளுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள், சின்னப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். உன் அப்பா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி சிரித்துக்கொண்டுதான் இருந்தார், வேறு ஏதோ டெய்லரைப் பற்றிச் சொல்கிறார்கள், தன்னுடைய கட்டம் இனிமேல் வரும் என்று காத்திருந்திருக்கிறார். பிறகு உன் பதிப்பாளர் மைக்கைப் பிடித்து இது கற்பனை இல்லை, ரத்தமும் சதையுமான வாழ்க்கை என்றார். பின்னட்டையிலும் அதையே அச்சடித்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து, இது உங்கள் வீட்டில் நடந்ததா என்று கேட்டான். உண்டு, இல்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ தலையைக் குனிந்தாய், கண்ணைத் துடைத்தாய், "சில கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கறதுதான் பதில்" என்றாய். ஹால் முழுக்கக் கைதட்டல். பின்வரிசையில் இருந்த யாரோ ஒரு அம்மா என் தோளை அமுக்கிவிட்டார். முகம் தெரியாத பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேடையில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், அதை நான் பார்த்தேன். உன் அப்பா மட்டும் எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் தட்டினார்.

அன்றைக்கே போனில் உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? அம்மா, அது நாவல், உண்மைக் கதை என்றால்தான் வாங்குகிறார்கள், பதிப்பாளர்தான் இல்லை என்று மறுக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார், ரெண்டு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்றாய். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று வேறு கேட்டாய். யாருக்கடி காது குத்துகிறாய்? வாயைத் திறக்காமலேயே பெற்ற தகப்பனை விற்றிருக்கிறாய், அதற்குப் பெயர் என்ன என்று உன் பதிப்பாளரிடமே கேட்டுச் சொல். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேட்டியிலும் அதே குனிந்த தலை, அதே பெருமூச்சு. உன் தம்பி மனைவி எனக்குப் போட்டுக் காட்டுகிறாள், பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்?

டேபிளுக்கு அடியில் ஒளிந்தது யார் என்று உனக்குத் தெரியும். எதிர் வீட்டு டிரைவருடைய பெண்டாட்டி. நீ மூன்றாம் வகுப்பு, கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். அவள் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்து டேபிளுக்கு அடியில் கிடந்த வெட்டுத் துணிக் குவியலுக்குள் புகுந்துகொண்டாள், நீ உன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். உன் அப்பா மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். இந்தப் பக்கம் காலை வைத்தால் முட்டியைப் பெயர்த்துவிடுவேன் என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அவன் போன பிறகு இவர் பதற்றத்தில் யாருடைய கோட்டுத் துணியையோ தப்பாக வெட்டிவிட்டுப் புதுத் துணி வாங்கிக்கொடுத்தார். அந்த வாசல், அந்த ஸ்கேல், அந்தத் தண்ணீர் பாட்டில் எல்லாம் உன் புத்தகத்தில் இருக்கிறது. ஸ்கேலைப் பிடித்த ஆளை மட்டும் உள்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டாய். கதையில் அப்படி மாற்றுவது உன் தொழில், அதை நான் கேட்கவில்லை. நன்றாகவும் எழுதியிருக்கிறாய், அடுப்படியில் நின்று படித்து அந்தப் பெண்ணுக்காக அழுதேன். கதை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஊர் முழுக்க நானே கூவி விற்றிருப்பேன். ஒருத்தர் அளவுக்கு வெட்டியதை இன்னொருத்தருக்கு மாட்டிவிட்டு, அவருக்காகவே தைத்தது என்று சொல்கிறாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே நடப்பது உனக்குத் தெரியாது, சொல்லவும் வேண்டாம் என்று இருந்தேன், இனி எதற்கு மறைக்க. பெண்கள் துணி கொடுக்க வந்தால் தெருமுனையில் நின்று, அவர் டீ குடிக்கப் போன பிறகுதான் கடைக்குள் வருகிறார்கள். வருஷா வருஷம் சீருடை தைக்கக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை இந்த வருஷம் பார்க்கலாம் என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு நாள் ஏதோ பெண்கள் அமைப்பிலிருந்து என்று கையில் ஃபைலோடு இரண்டு பெண்கள் வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, கையைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் சிரிக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். என் கையில் இருக்கிற தழும்பு இஸ்திரிப் பெட்டி சுட்டது, உன் சித்தி கல்யாணத்துக்கு அவசரமாகத் தேய்க்கப் போய் நானே சுட்டுக்கொண்டது. சொன்னேன், அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? உன் புத்தகத்தில் வருகிற அம்மாவும் கடைசிவரை, அவர் அடிக்கவே இல்லை, நான்தான் சுட்டுக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல ஆமாம் என்று ஆகிறது. என் வாயை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டிப்போட இதுவரை யாராலும் முடியவில்லை, பெற்ற மகளாலேயே முடிந்தது. இங்கே நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோசனம் இல்லை. நீ ஒருத்தி சொன்னால்தான் உண்டு.

இவ்வளவும் தாங்கிக்கொண்டிருப்பேன். போன வாரம் நடந்ததுதான் என்னால் முடியவில்லை. கண்ணாடி வந்ததிலிருந்து உன் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் இருந்ததையெல்லாம் ஒளித்து வைத்தேன். கடையில் வேலையும் குறைந்துபோயிற்று இல்லையா, கண்ணாடி அலமாரியில் தானே அடுக்கி வைத்ததிலிருந்து ஒன்றை எடுத்து மத்தியான நேரங்களில் உட்கார்ந்து படித்துவிட்டார், ஒவ்வொரு வரியாக விரலை வைத்து. முடித்த அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை. சண்டை போடுவார், உன்னைத் திட்டுவார், குறைந்தது கண்ணாவது கலங்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "நான் உன்ன எப்பவாவது அடிச்சிருக்கேனா?"

உங்களுக்கென்ன பைத்தியமா என்றேன். அவர் விடவில்லை. "பாப்பா பொய் எழுத மாட்டா. எனக்குத்தான் மறந்துபோச்சு போல" என்றார். அன்றிலிருந்து இதே வேலைதான். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, உன் தம்பி பிறந்த வருஷம் கடன் தொல்லையில் கோபமாக இருந்தேனே அப்போதா என்கிறார். ஊரிலிருந்து அவர் அம்மா வந்திருந்தபோதா என்கிறார். இல்லவே இல்லை என்று நான் சொன்னால், நீ என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாய் என்கிறார். பார்த்தாயா, அவரும் உன் புத்தகத்தைத்தான் நம்புகிறார். மர ஸ்கேலைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார், டேப்பை வைத்தே கோடு போடுகிறார். வீட்டில் நடந்தால் சத்தம் வரக் கூடாது என்று நடக்கிறார். நேற்று நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்று, "அப்படி ஏதாவது செஞ்சிருந்தா என்ன மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷம் ஒரு அடி கொடுக்காத மனுஷன், பாப்பா.

அடுத்த மாதம் புத்தகக் காட்சி மேடையில் திரையில் பேசப் போகிறாயாம், இரண்டாம் பதிப்பு வருகிறதாம், பதிப்பாளர் போன் செய்து உன் அப்பா மறுபடியும் மேடைக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்றார். அந்த ஆளுக்கு நான் கொடுத்த பதிலை அவரே உன்னிடம் சொல்லியிருப்பார். நீ அந்த மேடையில் தலையை நிமிர்த்தி, அது என் அப்பா இல்லை என்று சொல்ல வேண்டும். பின்னட்டையில் இருக்கிற அந்த வரியையும் எடுக்க வேண்டும். விற்பனை படுத்தால் படுக்கட்டும், நீ அடுத்த புத்தகம் எழுதிக்கொள்ளலாம், உனக்குக் கை இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய். என்னிடம் பேச வேண்டாம், நான் எடுக்கவும் மாட்டேன். அவர்தான் எடுப்பார். நீ நடந்ததைச் சொன்னால்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

குழந்தையை ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டு டைப் அடிக்காதே, முதுகு போய்விடும். குளிர் அதிகமாக இருந்தால் காதை மூடிக்கொள். கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக உன்னை வெறுத்துவிட்டேன் என்று நினைக்காதே, வெறுத்திருந்தால் இவ்வளவு எழுத எனக்கென்ன தலையெழுத்தா. நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், என் வாயிலிருந்து உனக்கு வேறு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. இந்த வீட்டில் ஒருத்தர் மன்னிப்புக் கேட்டுவிட்டார், கேட்க வேண்டியவர் இன்னும் கேட்கவில்லை.

உன்னைப் பெற்ற
அம்மா