அம்மாவின் ரத்தத்தில் இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் அம்மா இல்லாத வீட்டில் எப்படி இருக்க முடியுமோ அப்படி இருக்கிறோம். அண்ணன்தான் சமைக்கிறான், உப்பு மட்டும் அவன் கைக்கு அடங்குவதில்லை, உங்கம்மா இருந்திருந்தால் உப்பளத்தில் பெண் எடுக்கப் போகிறாயா என்று கேட்டிருப்பாள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்தது ஒரு வைரஸ். நீ பிறப்பதற்கு முன்பே எனக்கு அதோடு பழக்கம். ஆய்வுக்கூடத்தில் நான் செல் வளர்க்கும் வேலையில் சேர்ந்தபோது செல்லின் மரபணுவுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும் ரெட்ரோவைரஸ் என்ற இனம் கோழிக்கும் எலிக்கும் பூனைக்கும் உண்டு, மனிதனுக்குக் கிடையாது என்று அடித்துச் சொல்வார்கள். எங்கள் தலைவர் உண்டு என்று ஒற்றைக்காலில் நின்றார், அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விடாக்கண்டர். ஒருமுறை கிடைத்துவிட்டது என்று சொல்லி, கடைசியில் அது எங்கிருந்தோ குடுவைக்குள் புகுந்த குரங்கு வைரஸ் என்று தெரிந்து மானம் போனது. அடுத்த மாநாட்டில் ஒருவர், "என்ன சார், இந்த வருஷம் எந்த மிருகம்?" என்று கேட்டாராம். பிறகு வெள்ளணுக்களைக் குடுவையில் சாகாமல் வளர்க்க வழி பிறந்தது. இதே ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு லாரி ஓட்டுநரின் ரத்தத்தில் எடுத்த செல்களை நான்தான் வளர்த்தேன், அதில் இந்த வைரஸ் அகப்பட்டது. நாங்கள் எழுதி அனுப்புவதற்குள் வேறு தேசத்தில் அறிவித்துவிட்டார்கள். விடாக்கண்டர், "இருக்குன்னு சொன்னேன்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டுநர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி வந்து, "கண்டுபிடிச்சிட்டீங்களாமே, மருந்து எப்ப வரும்?" என்று கேட்டபோது நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் எய்ட்ஸ் வைரஸ் பிடிபட்டது, அதுவும் இந்த இனம்தான், எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினோம்.

பகலெல்லாம் நான் குடுவையில் பார்த்துக்கொண்டிருந்தது, மாலையில் எனக்குக் கதவு திறந்தவள் ரத்தத்திலும் இருந்திருக்கிறது பாப்பா. ஒரு தலைவலி என்றுகூடப் படுக்காதவளை யார் சந்தேகப்படுவார்கள். அவளுக்கு அவள் அம்மாவின் பாலில் வந்திருக்கும் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அம்மா தன் நோயை மறந்துவிட்டாள். "பெரியவனுக்குப் பால் பத்தலன்னு புட்டிதான் குடுத்தோம், பாப்பாதான் ரெண்டு வயசு வரைக்கும் என்கிட்ட குடிச்சா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "நீ தெரிஞ்சா குடுத்தே?" என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கண் மூடுவதற்கு முன்தினம் என் கையைப் பிடித்து, "பாப்பாகிட்ட சொல்லிடுங்க, ஆனா என் பாலைக் குடிச்சதுக்கு அவ வருத்தப்படக் கூடாது" என்றாள்.

எனக்கும் அண்ணனுக்கும் பார்த்தாயிற்று, இல்லை. நீ பிரசவத்துக்கு முன்பே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. இருந்தாலும் பயப்படாதே, நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அது ஆயுசு முழுக்க ஒன்றும் செய்யாது. குழந்தைக்கு மட்டும் புட்டிப்பால் கொடுக்கலாமா என்று உன் டாக்டரிடம் கேள். மாப்பிள்ளையையும் கூட அழைத்துக்கொண்டு போ, தனியாகப் போகாதே. இந்த வாரமே போ, நாளை நாளை என்று தள்ளாதே.

சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் நூறு வயது வாழ வேண்டும். இனி இரண்டு பேர் ஆசியையும் நான் ஒருவனே எழுத வேண்டியிருக்கிறது.

உன் அம்மா,
அப்பா.