அரை மில்லி அட்டை

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடும் என் செந்திலண்ணாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் உன் காரை எடுத்துக்கொண்டு நான் சேலம் போக வேண்டும். போவேனா என்பது இந்த வரியை எழுதும்போது எனக்கே தெரியவில்லை. முட்டை வண்டி போய்விட்டது. அம்மா அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருக்கிறாள். தீவனக் குடோன் மூலையில் நம் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், உன் நாற்காலியில் இல்லை, என் ஸ்டூலில்தான். சொந்தக்காரர்கள் முன்னால் உன்னை வாங்க, போங்க என்றுதான் சொல்வேன். இந்த மேசைக்கு வந்துவிட்டால் நீ, போ. அதனால் இந்தக் கடிதத்திலும் நீதான்.

மூன்று வாரத்துக்கு முன் சேலத்திலிருந்து போன் வந்தது. உன்னைப் போலக் கையால் குட்டிக் கார், லாரி, பஸ் செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாவற்றையும் பார்வைக்கு வைக்கிறார்களாம். "அண்ணன் கடைசியா செஞ்சுட்டிருந்த வண்டிங்க. அரைகொறையா இருந்தாலும் பரவால்லைங்க, அது இல்லாம மேசை போட மாட்டோம்" என்றார் அந்த மனிதர். பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, ஒடஞ்சு போயிருங்க. நீங்களே கொண்டாந்துருங்க. அண்ணனப் பத்தி ஒரு பக்கம் எழுதியும் கொண்டாங்க, வண்டி பக்கத்துல ஒட்டிரலாம்" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். ஒட்டுகிறவர்கள் இதையே ஒட்டட்டும்.

நம் கேட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு யாரும் சும்மா வந்துபோக முடியாது. கேட்டுக்குள் நுழைந்ததும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. வண்டியின் டயரும் மனிதர் காலும் அதில் நனைந்துதான் உள்ளே வர வேண்டும், கோழிக்கு நோய் வந்துவிடக் கூடாது. காலையில் தீவனம், பிறகு முட்டை எடுப்பு, வெயில் ஏறினால் கூரை மேல் தண்ணீர், கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஒரு நாள் அசந்தால் ஷெட்டே சரிந்துவிடும். நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். போகிறவன் எப்போதும் நீ, இருக்கிறவள் நான்.

திருச்செங்கோட்டில் வாழப்போய் மூன்றே வருடத்தில் நான் திரும்பி வந்தேனே, அன்றைக்கு என் பெட்டியை நீதான் தூக்கி வந்தாய். கேட்டைச் சாத்திவிட்டு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இனி நீ எங்கயும் போக வேண்டாஞ் சாமி. வேணுங்கறதெல்லாம் நான் வாங்கியாரேன்." அன்று அதைக் கேட்டு அழுதேன். அவ்வளவு நிம்மதி. சொன்னபடியே ஏழு வருடம் வாங்கியும் வந்தாய். செருப்பு வாங்கக்கூட என் பாதத்தை ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு போனாய். அமாவாசைக்கு அம்மாவோடு கோயில், அதைத் தவிர நான் எங்கும் போகவில்லை. உன் மேல் கோபப்படவும் வழி இல்லை. இத்தனை பாசமாக இருக்கிறவனிடம் போய், எனக்கு மூச்சு முட்டுகிறது என்று எப்படிச் சொல்வது?

மேசைதான் கதி என்று ஆனது. சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் அட்டை வாங்கி வருவாய். எந்தக் கடை என்று கேட்டால், "உனக்கெதுக்கு, நான் வாங்கியாரேன்" என்பதுதான் பதில். நிஜக் காரில் இரண்டு அடி, நம் காரில் ஒரு அங்குலம். அட்டையைக் கத்தியால் கீறி, மடக்கி, பட்டென்று உடைப்பது என் வேலை. நீ கீறினால் கோடு சாக்கடைப் பக்கம் போய்விடும். ஒட்டுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் உன் வேலை. தடுப்பூசிப் புட்டியின் ரப்பர் மூடிதான் சக்கரம். மூடிக்கு மேலே இருக்கும் வெள்ளித் தகடு ஹெட்லைட். பேனா ரீஃபில் அச்சு. நின்றுபோன கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் ஸ்டியரிங். நீ பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மா உனக்குப் புதுச் சட்டை எடுத்தாள். கோழிப் பண்ணை என்றதும் பெண் வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பெண்தான் அமையவில்லையே தவிர, சட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாள் இருந்ததால் நம் கார்களுக்கு முன்கண்ணாடிப் பஞ்சம் வந்ததே இல்லை.

இந்தக் கடைசிக் காரை எந்தக் கம்பெனியும் செய்தது கிடையாது. முன்பாதி பழைய காலத்து உருண்டை மூக்குக் கார். பின்பாதியை வெட்டி, முட்டைத் தட்டு அடுக்குகிற திறந்த தொட்டியாக மாற்றினாய். முன்னால் இரண்டே சீட்டு. நிறம் மஞ்சக்கரு மஞ்சள் என்று நான் முடிவு செய்தேன், நீ தலையாட்டினாய். கதவில்தான் வந்தது வம்பு.

"கதவுக்குக் கோடு கீறுனாப் போதும். பாக்கறவங்களுக்குக் கதவுன்னு தெரியுமில்ல?" என்றாய்.

"தெரிஞ்சு? எறங்கறவ எப்படி எறங்குவா?"

"உள்ள ஆருமே இல்லையே சாமி."

"இருந்தா?"

நீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்தாய். மூன்று நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "எத்தன மில்லி அட்ட வேணும்?" என்றாய். கதவு திறந்து மூட வேண்டுமென்றால் மேல்தோல் மெல்லிசாக இருக்க வேண்டும். நம்மிடம் இருந்ததெல்லாம் தடிமன். "அர மில்லி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னேன். நீ போனாய்.

அட்டையை வாங்கிவிட்டாய். திரும்பி வர சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று சொன்னார்கள். உன்னைக் கொண்டு வந்தவர்கள் உன் பையையும் கொண்டு வந்தார்கள். செய்தித்தாளில் சுற்றி, உள்ளே கையகலத் துண்டு ஒன்று, மடங்காமல் இருந்தது. என்ன வாங்கப் போனான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "தெரியலைங்க" என்றேன். எட்டு மாதமாக எல்லோரிடமும் அதையேதான் சொன்னேன். நான் அந்த மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நீ அன்றைக்குப் போயிருக்க மாட்டாய் அல்லவா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கோழிகளுக்குத் தீவனம் போடும்போது வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அவை கழுத்தை நீட்டி என்னைப் பார்க்கும். அவற்றுக்குக் கூண்டு, எனக்குக் கேட்டு. இதில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

காரை அம்மா உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். உனக்குப் பூ வைத்தால் அதற்கும் ஒரு கிள்ளு பூ. பானெட்டில் தினமும் குங்குமம். துடைக்கக்கூட என்னை விடவில்லை. "அவங் கைபட்டது அப்படியே இருக்கட்டும்" என்பாள். போன் வந்த அன்று விஷயத்தைச் சொல்லிக் காரை எடுக்கப் போனேன்.

"அதத் தொடாத" என்று ஓடி வந்தாள்.

அவள் வருவதற்குள் எடுத்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த இடது பக்கம் முழுக்க உள்வாங்கி, தோசை ஓரம் மாதிரி சுருண்டிருந்தது. கதவுக்குக் கீறியிருந்த கோடு பாம்பாக நெளிந்து கிடந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"போன அமாவாசைக்கு வெளக்கக் கொஞ்சம் ஒட்டி வெச்சுப்போட்டேன். சூட்டுல இப்படி ஆகும்னு தெரியலையே சாமி. எம்புள்ள செஞ்சத நானே சுட்டுப்போட்டனே."

அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டுப் பத்து நாளுக்கு மேலாக அதற்கும் சேர்த்துப் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அழுததைப் பார்த்ததும் என்னாலும் அடக்க முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு அண்ணன அட்ட வாங்க அனுப்புனது நாந்தான்" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"போறப்பச் சொல்லிட்டுத்தான போனான். பாப்பாவுக்குக் கதவு தெறக்கோணுமாம், போயி வாங்கியாரேன்னு சிரிச்சுட்டே போனான்."

"ஏம்மா இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லி? அந்த வருத்தத்துல நீயும் எங்கியாச்சும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நீ சிரித்துக்கொண்டே போனாய் என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணா, நிஜமாகவே சிரித்தாயா? அம்மா எனக்காகச் சேர்த்துச் சொன்னதா? இதற்குப் பதில் கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் அன்று மத்தியானம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சுருண்ட பக்கத்தை வெட்டி எடுத்தேன். நீ ஒட்டிய இடத்தில் கத்தி வைக்கும்போது கை ஓடவில்லை. நீ என்ன பசை போட்டாயோ, சனியன், பிரிந்து வர இரண்டு நாள் ஆயிற்று. நீ வாங்கிய அரை மில்லியில் புதுப் பக்கம் அறுத்தேன். ஊக்கை நறுக்கி வளைத்துக் கீல் செய்தேன். முதல் கதவு திறந்தது, மூடவில்லை. இரண்டாவது மூடியது, திறக்கவில்லை. மூன்றாவதின் கீல் பிய்ந்து என் கண்ணுக்கு நேரே தெறித்தது. நான்காவது சரியாக வந்தபோது உன் துண்டில் நகத்தளவுகூட மிச்சமில்லை. விரல் நகத்தால் நெம்பினால் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. அம்மா அடுப்பை விட்டு வந்து ஏழெட்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். போதும், பிய்ந்துவிடும் என்று நான்தான் பிடுங்கி வைத்தேன்.

ஓட்டுகிறவர் பக்கம் கோடு போட்ட கதவுதான் இன்னும். இடது பக்கம், உன் பக்கத்து சீட்டில் இருக்கிறவள் இறங்குகிற பக்கம், திறக்கிறது.

நாளைக்குப் பண்ணையை யார் பார்ப்பது என்று மூன்று வாரமும் மண்டையை உடைத்துக்கொண்டேன். இன்று காலை முட்டை எடுக்கிற சின்னப்பொண்ணக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஒரு நாளைக்கு நான் பாத்துக்க மாட்டனா? போயிட்டு வா சாமி. கூண்டுல இருக்கற கோழி எங்க பறந்துரப் போவுது?" என்றாள். இவ்வளவுதானா? ஏழு வருடத்தில் இதை நாம் ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லையே, ஏன்?

ஆனாலும் பயமாக இருக்கிறது. பஸ்ஸில் ஏறுவது இருக்கட்டும், இறங்குவதுதான் மலைப்பாக இருக்கிறது. அந்தப் பஸ் ஸ்டாண்டில்தானே இறங்க வேண்டும். மத்தியானத்திலிருந்து காரைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். காய்ச்சல் என்று போன் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். போகாதே என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் சாக்காக வைத்து நின்றுவிடுவேன். அவள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

இப்போதுதான், இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, வந்துவிட்டுப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு சுண்டைக்காயை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"எலுமிச்சம்பழம் வெச்சா உங்கண்ணன் வண்டி கவுந்துரும். இதுதான் அளவா இருக்கும். காலைல நாலு சக்கரத்துக்கும் ஒண்ணொண்ணு வெச்சு ஏத்தீட்டுப் போ. மொத மொத வெளிய போகுதில்ல."

சொல்லிவிட்டு நிற்கவில்லை, போய்விட்டாள். சுண்டைக்காய் பச்சைப் பசேலென்று, சக்கரத்தில் பாதி உயரம் இருக்கிறது. நசுங்காது, அச்சுதான் முறியும். அதனால் நான்கையும் லேசாக நசுக்கித்தான் வைக்கப் போகிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணா, நாளைக்குப் போகிறேன். சேலத்தில் இறங்குவேன். நீ உட்கார்ந்த இடம் எது என்று யாரிடமும் கேட்க மாட்டேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே நடப்பேன். காரை மண்டபத்தில் வைத்துவிட்டுச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், சந்து சந்தாக விசாரித்து, நீ எனக்குச் சொல்லாமலே போன அந்தக் கடையைக் கண்டுபிடிப்பேன். இன்னொரு துண்டு அரை மில்லி அட்டையை நானே வாங்கியாரேன். உன் பக்கத்துக் கதவையும் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து ஸ்டூலில் இருக்கும்
உன் கூடப்பிறந்த பாப்பா