குழாய் டேப் சுற்றிய மூடி

மச்சான்,

இன்று காலை திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர், சட்டைப் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து மரையில் சுற்றினார். எனக்கு வயிறு எரிந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் அந்த டேப்பைப் பார்த்தால் எனக்கு எரிகிறது.

சிதம்பரத்தில் ஒரே ஆய்வகத்தில் ஒரே சாரிடம் நாம் பிஎச்.டி. செய்தோம். கிள்ளைச் சேற்றிலிருந்து எடுத்த ஈஸ்ட்டின் கொழுப்பில் என்னென்ன அமிலங்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. ஈஸ்ட்டை அப்படியே அமிலங்களை அளக்கும் கருவிக்குள் செலுத்த முடியாது. கொழுப்பைப் பிரித்து, கழுவி, வற்றவைத்து, பிறகு மெத்தனால் சேர்த்துச் சூடாக்க வேண்டும். இரண்டு நாள் பிடிக்கும். அதில் நான்தான் ராஜா. ஒரு சொட்டுச் சிந்தமாட்டேன். புதிதாக வருகிறவர்களிடம் சார், "அவன் கையப் பாருங்க" என்பார்.

நீ வந்து கெடுத்தாய். காய்ந்த ஈஸ்ட்டை ஒரே கண்ணாடிக் குழாயில் போட்டு, அமிலம் கலந்த மெத்தனாலை ஊற்றி, மூடிச் சூடாக்கினாய். அவ்வளவுதான் உன் முறை. முதல் தடவை மூடி வழியாக மெத்தனால் ஆவியாகிப் போனது. நான் உள்ளுக்குள் சிரித்தேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலவீதி ஹார்டுவேர் கடைக்குப் போய், குழாய் டேப் வாங்கி வந்து மூடி திருகும் மரையில் சுற்றினாய். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

"இன்னா மச்சான், நீ ரெண்டு நாளு பண்றத ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டேன் பாத்தியா?"

விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சார் லேசில் நம்பவில்லை. "பழைய முறையோட ஒப்பிட்டுக் காட்டு, அப்பதான் தீசிஸ்ல வைக்கலாம்" என்றார். நீ நேராக என்னிடம் வந்தாய். "உன் கை மாதிரி யாருக்கும் வராதுடா. பன்னெண்டு சாம்பிள் மட்டும் பழைய முறையில பண்ணிக் குடு." நேரமில்லை என்றேன்.

பொய். நீ ஊருக்குப் போயிருந்த வாரத்தில் உன் ஈஸ்ட்டிலேயே பன்னிரண்டையும் செய்தேன். உனக்கு உதவ அல்ல, உன் முறை தப்பு என்று காட்ட. கருவி வரைந்து தந்த வரைபடத் தாள்களை உன் தாள்கள் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முகடுகள் ஒவ்வொன்றும் அச்சாகப் பொருந்தின. பாவி, ஒன்றிலாவது தவறியிருக்கக் கூடாதா! மடித்து என் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அதே ஒப்பீட்டை உன் ஓட்டைக் கையால் சிந்திச் சிந்தி நீ முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாரடைப்பில் நீ போனபோது உன் பரங்கிப்பேட்டை வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உங்களப் பத்திதான் ஜாஸ்தி பேசுவாரு. நேரம் மட்டும் இருந்திருந்தா அவன் எனக்குச் செஞ்சு குடுத்திருப்பான்னு சொல்லுவாரு" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடலூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இப்போது உன் முறைதான். அடுப்புக்கு மேல் ஒட்டிய செய்முறைத் தாளில் இருப்பது என் பெயர். என்னைச் சொல்லி, "சாரு மெத்தடு" என்பார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

பிளம்பர் போனதும் பெட்டியைத் திறந்து அந்தப் பன்னிரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். செய்முறைத் தாளில் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். தாள்களைப் பின்னால் சேர்த்துப் பின் அடித்தேன்.

கூட வேலை செய்யும் பெண், "இவரு யாரு சார்?" என்று கேட்டாள்.

"என்னவிடக் கெட்டிக்காரன்" என்றேன்.

சொல்லும்போதே வயிறு எரிந்தது, மச்சான். இதை எழுதும்போதும் எரிகிறது.